ஏழாவது மேகசின்

கரண்டி இழுப்பறையை மூடும்போது உள்ளே எதுவோ சறுக்கி மரத்தில் மோதியது. அந்தச் சத்தம் ஆர்லிஸுக்குச் சரியாகப் படவில்லை. அங்கே கிடந்தது கைத்துப்பாக்கியின் உபரி மேகசின், தோட்டாக்களை அடுக்கித் துப்பாக்கியின் பிடிக்குள் செருகுகிற இரும்புக் கூடு. நிறைந்த மேகசின் மோதினால் கனமாக, அடக்கமாகச் சத்தம் வரும். இது காலித் தகர டப்பாவைத் தட்டியதுபோல் ஒலித்தது. பாத்திரம் துலக்கிய ஈரக் கையோடு அதை எடுத்துப் பார்த்தாள். மேகசினின் வாயில் தோட்டா இல்லை. கீழிருந்து ஸ்பிரிங் தள்ளி நிறுத்திய ஆரஞ்சு நிறத் தகடு மட்டும் நாக்குபோல் தெரிந்தது.

அதை நிரப்பியது அவள்தான். இதே மேசையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு தோட்டாவையும் கட்டைவிரலால் அழுத்தி உள்ளே தள்ளினாள். கொழுந்தன் டெல்மர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தான். புருஷன் எல்ராயை அடக்கம் செய்த வாரம் அது. சூரியகாந்தி அறுவடையின்போது இயந்திரத்தின் இருக்கையிலேயே எல்ராய்க்கு மாரடைத்து, இயந்திரம் பிடிக்க ஆளில்லாமல் பாதி வயலைத் தாண்டி ஓடைக்கரையில் போய் நின்றது. தம்பி டெல்மர்தான் போய் இறக்கினான். அடக்கம் முடிந்த கையோடு ஒரு துப்பாக்கிப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தான். "தனியா இருக்கீங்க அண்ணி. கூப்பிட்டா நான் வந்து சேர்றதுக்குள்ள எது வேணா நடக்கலாம்" என்றான். பெட்டிக்குள் ஒரு துப்பாக்கியும் இரண்டு மேகசின்களும் இருந்தன.

இழுப்பறையைக் கவிழ்த்துத் தேடினாள். அடுப்புக்குக் கீழே டார்ச் அடித்துப் பார்த்தாள். ஒரு தோட்டாகூட இல்லை. கட்டில் பக்கம் இருந்த துப்பாக்கியை எடுத்துப் பார்த்தாள். அதற்குள் இருந்த மேகசின் நிறைந்தே இருந்தது. வாசல் கதவு பூட்டியபடி இருந்தது. ஜன்னல்களின் உள்பக்கம் பூத்திருந்த பனிப்பூ ஒரு இடத்திலும் கலையவில்லை.

நிரப்பியதாக நினைத்து நிரப்பாமல் விட்டிருப்போம் என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். புருஷன் போன பிறகு அவள் மறந்த காரியங்கள் கொஞ்சமா? காபிப் பானையை அடுப்பில் வைத்துத் தண்ணீர் ஊற்றாமல் கருக்கியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை என்று நினைத்து வியாழனன்று சர்ச்சுக்குப் போய்ப் பூட்டின கதவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறாள். மறுபடி உட்கார்ந்து நிரப்பினாள். கடைசித் தோட்டாக்கள் எளிதில் இறங்காது. ஸ்பிரிங் எதிர்த்துத் தள்ளும், கட்டைவிரல் நுனி சிவந்து கன்றும். நிரப்பி, கையில் தூக்கி, அந்தக் கனத்தை நன்றாக மனசில் வாங்கிக்கொண்டு இழுப்பறையில் வைத்தாள்.

கொஞ்ச நாள் கழித்து ஸ்பூன் எடுக்கப் போனவள் கை பட்டதுமே தெரிந்துகொண்டாள். காலி.

*

வெண்டல் அவளோடு பள்ளியில் படித்தவன். கனடா எல்லையை ஒட்டிய அந்த ஊரில் அவன் கடையில் ஆணி, பெயின்ட், நாய் பிஸ்கட் எல்லாம் முன்னால் இருக்கும். பின்னால் கண்ணாடிப் பெட்டிக்குள் துப்பாக்கிகள் இருக்கும். ஆர்லிஸ் வந்ததும் காகிதக் கோப்பையில் வெளிறிய காபியை ஊற்றி நீட்டினான்.

"மேகசின் வேணும் வெண்டல். என் துப்பாக்கிக்கு."

"உடைஞ்சுபோச்சா?"

"இல்ல. கூடுதலா வச்சுக்கலாம்னு பார்க்கிறேன். பொதுவா எத்தனை வச்சுக்கணும்?"

வெண்டல் தொப்பியைப் பின்னுக்குத் தள்ளித் தலையைச் சொறிந்தான். இந்தக் கேள்வியைப் பலபேர் கேட்டிருக்கிறார்கள், அவனுக்கு இதில் பேசப் பிடிக்கும். "துப்பாக்கிக்குள்ள ஒண்ணு, பக்கத்துல ஒண்ணு. ஸ்பிரிங் போச்சு, வாய் வளைஞ்சு போச்சுன்னா மாத்திக்க இன்னொண்ணு. மூணு போதும். வீட்டுல வச்சுக்கிறதுக்கு அதுக்கு மேல என்னத்துக்கு? நிஜமா ஒண்ணு நடந்தா ரெண்டாவது மேகசினை மாத்தற அளவுக்கு யாரும் நின்னுக்கிட்டு இருக்க மாட்டாங்க ஆர்லிஸ். ஒண்ணு அவன் ஓடியிருப்பான், இல்ல நீ செத்திருப்ப."

தான் சொன்ன ஜோக்குக்குத் தானே சிரித்தான். ஆர்லிஸ் சிரிக்கவில்லை.

"யாராவது எடுத்துட்டா?"

"எதை?"

"மேகசின்ல இருக்கிற தோட்டாவை."

"திருட வர்றவன் துப்பாக்கியைத்தானே தூக்குவான்? தோட்டாவை மட்டும் எடுக்கிறவன் யாரு? அவனுக்கு அதுல என்ன லாபம்?"

அந்தக் கேள்வி வண்டியில் அவளோடு கூடவே வந்தது. இருபுறமும் பனி மூடிய வயல், தூரத்தில் தானியக் கிடங்கின் ஒற்றைக் கோபுரம், ஹீட்டர் காற்றில் பழைய நாய் வாசனை. பக்கத்து இருக்கையில் புதிதாக வாங்கிய இரண்டு மேகசின்கள். துப்பாக்கியைத் தொடாமல், மேகசினையும் எடுத்துக்கொள்ளாமல், தோட்டாவை மட்டும் எடுப்பவனுக்கு என்ன லாபம்? அவள் துப்பாக்கியை நம்பிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் அது சுடக்கூடாது. அவ்வளவுதான் லாபம். அதற்கு மேல் அவள் யோசிக்க விரும்பவில்லை. ரேடியோவைச் சத்தமாக வைத்தாள்.

நான்கையும் நிரப்பினாள். ஒன்று துப்பாக்கியில், ஒன்று பியானோவுக்குள், ஒன்று மாவு டப்பாவின் அடியில். நான்காவதைக் காபித் தகரத்துக்குள் போட்டு மூடி, டேப் சுற்றி, நிலவறையில் உள்ள பெரிய ஃப்ரீசரில் மான் இறைச்சிப் பொட்டலங்களுக்கு அடியில் புதைத்தாள். எத்தனை இடத்தில்தான் தேடுவான்? ஒரு மேகசினைக் கண்டுபிடிப்பவன் இரண்டாவதைத் தவறவிடுவான், இரண்டைக் கண்டுபிடிப்பவனுக்கு மூன்றாவது அகப்படாது. கடைசியில் ஒன்றாவது நிறைந்திருக்கும். அந்த ஒன்று போதும்.

அதற்குப் பிறகுதான் சத்தம் கேட்க ஆரம்பித்தது. இரவில் இல்லை. நல்ல பகலில், மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு அவள் சிங்கில் கையை நனைத்துக்கொண்டு நிற்கும்போது, வெயில் தரையில் மஞ்சளாகக் கிடக்கும்போது, பக்கத்து அறையிலிருந்து, கட்டைவிரல் தோட்டாவை முன்னால் தள்ளும் சின்னச் சத்தமும், அது துணிமேல் விழும் மெத்தென்ற சத்தமும், கொஞ்சம் இடைவெளியும், மறுபடி அதே சத்தமும் வரும். அவசரமே இருக்காது. பட்டாணி உரிக்கிற பெண் போல, எந்த வேலையும் இல்லாதவர் போல, நிதானமாக. குழாயை மூடினால் அதுவும் நின்றுவிடும். போய்ப் பார்த்தால் யாரும் இருக்க மாட்டார்கள். துப்பாக்கி எண்ணெயின் வாசனை மட்டும் இனிப்பாக, புதிதாகக் காற்றில் நிற்கும்.

பியானோவுக்குள் இருந்தது காலி. மாவுக்குள் இருந்ததும் காலி. மாவின் மேற்பரப்பு அவள் தடவிவிட்டபடியே வழவழப்பாக இருந்தது. ஃப்ரீசரைத் திறந்தாள். தகரத்தின்மேல் வெண்பனி தடித்துப் படிந்திருந்தது. ஒரு விரல் தடம் இல்லை. டேப்பைக் கத்தியால்தான் வெட்டி எடுக்க முடிந்தது. மூடியைத் திறந்தாள்.

ஆரஞ்சு நாக்கு.

நிலவறைப் படியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுந்திருக்காமல் இருந்தாள். அப்போதுதான் டெல்மரின் நினைவு வந்தது. வீட்டுச் சாவி அவனிடம் இருக்கிறது. இந்த நிலத்தை விற்றுவிட்டு டவுனுக்குப் போங்கள் என்று கிறிஸ்துமஸிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறான். பனி படிந்த தகரத்தை அவன் எப்படித் திறந்திருப்பான் என்ற கேள்வி இருந்தது. அதை ஒதுக்கிவைத்தாள். டெல்மராகத்தான் இருக்க வேண்டும். டெல்மராக இருந்தால் நல்லது. டெல்மராகவே இருக்கட்டும் என்று, சர்ச்சில் மண்டியிட்டு வேண்டுவது போல, அந்தக் குளிர்ந்த படியில் உட்கார்ந்து வேண்டிக்கொண்டாள்.

*

அடுத்த தடவை வெண்டலின் கடையில் ஒன்றுதான் இருந்தது. அதை வாங்கிக்கொண்டு, இன்னும் இரண்டைப் பக்கத்து ஊர்க் கடையிலிருந்து அன்று ராத்திரிக்குள் தருவித்துத் தரச் சொன்னாள். "மொத்தம் ஏழா?" என்றான் வெண்டல். இந்த முறை சிரிக்கவில்லை. அவள் போனதும் டெல்மருக்குப் போன் செய்துவிட்டான் போலிருக்கிறது. அன்று சாயங்காலமே டெல்மர் வந்து நின்றான். மளிகைப் பையைக் கீழே வைத்து, பூட்ஸைக் கழற்றி, அவன் மனைவி சமைத்துக் கொடுத்தனுப்பிய ஹாட்டிஷ் என்கிற இறைச்சிப் பதார்த்தத்தைப் பாத்திரத்தோடு அடுப்பில் சூடாக வைத்தான். உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் வேகும் வாசனை வீட்டை நிறைத்தது.

"என்ன அண்ணி, கனடாக்காரன் படையெடுத்து வர்றானா? எல்லையில நீங்க ஒரே ஆளா நின்னு பிடிக்கப் போறீங்களாமே!"

"வெண்டலுக்கு வாய் நிக்காது."

"ஏழு மேகசின்! அண்ணன் மான் வேட்டைக்குப் போறப்ப ரெண்டு தோட்டாவைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டுப் போவான். ஒண்ணைத் திருப்பிக் கொண்டுவருவான்." தட்டில் எடுத்துப் போட்டுக்கொண்டே பேசினான். "என்ன நடக்குது? சொல்லுங்க."

"நீதான் சொல்லணும். எதுக்காக எடுக்கிற?"

டெல்மரின் ஃபோர்க் வாய்க்குப் பக்கத்தில் நின்றது. அவள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது தன் குரல் கீச்சென்று ஏறுவது அவளுக்கே கேட்டது. அவன் பொறுமையாகக் கேட்டான். பிறகு கையை நீட்டி, மேசைமேல் இருந்த அவள் வலது கையைப் பிடித்து, உள்ளங்கை மேலே வரும்படி திருப்பினான்.

"உங்க கட்டைவிரலைப் பாருங்க அண்ணி."

நகத்தின் ஓரம் கறுத்து, நுனித் தோல் தேய்ந்து பளபளத்தது.

"நிரப்பறதால வந்தது."

"சரி. நிரப்பறதும் நீங்க. எடுக்கிறதும் நீங்களா இருந்தா? நான் குத்தம் சொல்லலை. அம்மாவுக்குக் கடைசியில இப்படித்தான் ஆச்சு, பாத்திரத்தையெல்லாம் கட்டிலுக்கு அடியில ஒளிச்சு வச்சுக்கிட்டுத் திருட்டுப் போச்சுன்னு அழுவாங்க. டாக்டர்கிட்ட ஒருநாள் போய்ட்டு வரலாம். இந்த வீட்டுல தனியா..."

"சாவியைக் கொடு."

"அண்ணி..."

"என் வீட்டுச் சாவியை வச்சுட்டுப் போடா!"

முப்பது வருஷத்தில் அவனை அவள் அப்படிப் பேசியதில்லை. டெல்மரின் கழுத்து சிவந்தது. சாவி வளையத்திலிருந்து ஒன்றை நகத்தால் நெம்பிக் கழற்றி, ஹாட்டிஷ் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான். பூட்ஸை மாட்டிக்கொண்டு கதவருகே நின்று, "நீங்க கேட்டது எத்தனை வந்தாலும் நானே கொண்டாந்து தரேன். ஆனா அது போதாது. உங்களுக்கு எத்தனை இருந்தாலும் போதாது" என்று சொல்லிவிட்டுப் போனான்.

அவள் உள்தாழ்ப்பாளையும் போட்டாள். ஐந்தையும் நிரப்பினாள். நான்கை மறைத்துவைத்தாள். ஐந்தாவதோடு துப்பாக்கியை இடுப்பில் செருகி, அதன்மேல் எல்ராயின் பெல்ட்டை இறுக்கிக்கொண்டு படுத்தாள்.

*

காலையில் ஜன்னலில் எதுவும் இல்லை. முற்றம் இல்லை, களஞ்சியம் இல்லை, அஞ்சல் பெட்டி இல்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை. அந்த வெள்ளை ஓடிக்கொண்டே இருந்தது. வயல்களில் கிடந்த பனியையெல்லாம் வாரிக்கொண்டு காற்று தரையோடு தரையாக வந்தது. வீட்டின் மரச் சட்டங்கள் முனகின, புகைபோக்கி ஊளையிட்டது, கதவிடுக்கில் பொடிப் பனி மாவுபோல் உதிர்ந்துகொண்டே இருந்தது. யாரும் வெளியே வராதீர்கள், கைகூட நீட்டிப் பார்க்காதீர்கள் என்று ரேடியோ சொன்னது. பிறகு ரேடியோ நின்றது. டெலிபோனில் மூச்சே இல்லை.

வீட்டைச் சுற்றி வந்தாள். பியானோ, காலி. துணி அலமாரி, காலி. ஃப்ரீசர், காலி. துணி துவைக்கும் இயந்திரத்துக்குப் பின்னால் இருந்ததும் காலி. இடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். உருவிப் பார்த்தாள். அது மட்டும் நிறைந்திருந்தது. நேற்றுச் சாயங்காலம் டெல்மர் இந்த வீட்டுக்குள் இருந்தான். ஹாட்டிஷ் சூடாகும் நேரத்தில் அவள் துணி மடிக்க உள்ளே போனாள். அவன் போன பிறகுதானே ஐந்தையும் நிரப்பினோம் என்று மனசின் ஒரு மூலை சொன்னது. அதை அவள் கேட்கவில்லை. வேறு சாவியும் செய்து வைத்திருப்பான்.

மதியம் தாண்டியிருக்கும். கதவை யாரோ கையால் அறைந்தார்கள்.

"அண்ணி! நான்தான்! திறங்க!"

அவள் பூட்ஸ் கழற்றும் சின்ன அறைக்கு வந்து கதவுக்கு இரண்டடி தள்ளி நின்றாள்.

"வண்டி ரோட்டோரக் குழியில இறங்கிடுச்சு. வேலிக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டே நடந்து வந்தேன். போன் எடுக்கலைன்னதும் பயந்துட்டேன். திறங்க, மூஞ்சி மரத்துப்போச்சு." சிரிக்க முயன்றான். "சூடா சூப்பு ஏதாவது வச்சிருக்கீங்களா?"

"எங்கே வச்சிருக்க?"

"என்னது?"

"தோட்டா. எங்கே வச்சிருக்கன்னு சொல்லு. திறக்கிறேன்."

காற்று ஒரு நீள ஊளையை இழுத்து முடித்தது.

"இப்பவா அண்ணி? உள்ள வந்து பேசலாம். விரல் அசையலை."

"உன்கிட்ட இன்னொரு சாவி இருக்கு. திறந்துக்கிட்டு வா பார்க்கலாம். என் கையில நிறைஞ்ச மேகசின் இருக்கு."

"சாவி இல்ல! நேத்து கொடுத்துட்டேனே!" கைப்பிடி குலுங்கியது. பிறகு தோள் மோதியது. கதவு பழைய ஓக் மரம், தாழ்ப்பாள் எல்ராய் போட்டது, அசையவில்லை. "யேய், பைத்தியக்காரி! கதவைத் திறடி!"

அப்படி அவன் கத்தியது அவளுக்கு ஆறுதலாக இருந்தது. இதோ, உண்மை முகம் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டாள். தாழ்ப்பாளில் கையை வைத்தாள். இரும்பு விரலில் ஒட்டிக்கொள்ளும் அளவுக்குக் குளிர்ந்திருந்தது. அவனுக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு கட்டைவிரல் தடிமன் மரம். ஒரு சின்ன இழுப்பு போதும்.

"நீதான் எடுத்தேன்னு சொல்லு."

"நான்தான். நான்தான் எடுத்தேன். எல்லாம் நான்தான். போதுமா? திறங்க."

"எத்தனை எடுத்த?"

பிறகு குழறலாக, "நீங்க சொல்ற அளவு" என்றான்.

அது பொய் என்று அவளுக்குத் தெரிந்தது. குளிர் தாங்காமல் சொன்ன பொய். அவன் எடுக்கவில்லை. அவன் எடுக்கவில்லை என்றால் எடுத்தது யார் என்ற கேள்வி, இத்தனை நாள் கதவுக்கு வெளியே நின்றது, இப்போது உள்ளே அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. அதைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கும். டெல்மரை உள்ளே விட்டால் பார்க்க வேண்டியிருக்கும்.

அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுத்தாள்.

அவன் மனைவி பேரைச் சொன்னான். பேரக்குழந்தையின் பேரைச் சொன்னான். கடவுள் பேரைச் சொன்னான். அதன்பின் பேச்சில் பல் அடித்துக்கொள்ளும் சத்தம் கலந்தது, சொற்கள் கூழாயின. வீட்டைச் சுற்றி ஜன்னல் பக்கம் போவான் என்று துப்பாக்கியைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தாள். அவன் போகவில்லை. கண் தெரியாத அந்த வெள்ளையில் கதவை விட்டுக் கையெடுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை. வெகுநேரம் கழித்து, தூங்கப் போகிற குழந்தையின் குரலில், "கொஞ்சம் சூடா இருக்கு இப்போ" என்றான்.

பிறகு காற்று மட்டும்.

அவள் சமையலறையிலிருந்து நாற்காலியை இழுத்து வந்து, கதவைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

*

விடிந்தபோது காற்று செத்திருந்தது. அப்படி ஒரு வெளிச்சம். ஜன்னல் முழுக்க நீலம், அதன்கீழ் கண் கூசும் வெள்ளை. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் மெல்ல உறுமிக்கொண்டிருந்தது. ஆர்லிஸ் மேகசினை உருவினாள். அதன் வாயைப் பார்த்தாள்.

நிறைந்திருந்தது. தோட்டாக்களை வெளியே எடுத்து, ஒவ்வொன்றாக எண்ணி மறுபடி உள்ளே தள்ளினாள். ஒன்றுகூடக் குறையவில்லை.

அவன் வெளியே இருந்தான். மேகசின் நிறைந்திருந்தது. இதைவிட என்ன சாட்சி வேண்டும்? நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டெல்மர்தான். ஆரம்பத்திலிருந்தே டெல்மர்தான். மேகசினைத் துப்பாக்கியில் செருகிச் சமையலறை மேசையில் வைத்தாள். பெல்ட்டைத் தளர்த்தினாள். காபி போட்டு, நின்றபடியே சூடாகக் குடித்தாள். இத்தனை நாளில் முதல்தடவையாகக் காபியின் வாசனை தெரிந்தது. ஒரே ஒரு மேகசின் போதும். வெண்டல் சொன்னது சரி. மிச்சத்தைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஷெரிஃபுக்கு என்ன சொல்வது என்றுகூட யோசித்தாள். காற்றில் எதுவும் கேட்கவில்லை என்று சொல்ல வேண்டும். தூங்கிவிட்டேன் என்று சொல்ல வேண்டும்.

போய்த் தாழ்ப்பாளை நீக்கிக் கதவை இழுத்தாள்.

டெல்மர் மண்டியிட்ட நிலையில் கதவில் சாய்ந்திருந்தான். கதவு திறந்ததும் ஒரே மரக்கட்டையாக வாசற்படியோரம் சரிந்தான். கைப்பிடியைப் பிடித்திருந்த வலது கை பிடித்த வடிவத்திலேயே வாசற்படியைத் தாண்டி உள்ளே நீண்டு கிடந்தது. இமைகளில் பனி. வாய் ஏதோ சொல்லப்போகிற மாதிரி திறந்திருந்தது. கோட்டுப் பைக்குள்ளிருந்து வெண்டல் கடையின் பழுப்புக் காகிதப் பை பாதி வெளியே வந்திருந்தது.

அதை எடுத்துப் பிரித்தாள். இரண்டு புதிய மேகசின்கள். இரண்டிலும் தோட்டா நிரப்பியிருந்தான். அவளுக்குக் கட்டைவிரல் வலிக்குமே என்று.

ஆறாவது. ஏழாவது.

அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். வெயில் முகத்தில் அடித்தது. எங்கும் ஒரு பறவைகூட இல்லை. அந்த மாதிரி ஒரு அமைதி. அதனால்தான் அவ்வளவு தெளிவாகக் கேட்டது.

பின்னால். சமையலறையில்.

கட்டைவிரல் தள்ளும் சின்னச் சத்தம். மெத்தென்று ஒன்று விழுந்தது.

இடைவெளி.

மறுபடி.

மேசை. துப்பாக்கியை மேசைமேல் வைத்திருந்தாள்.

கால் நகரவில்லை. கழுத்து மட்டும் திரும்பியது. சின்ன அறையின் கதவுச் சட்டம் பாதியை மறைத்தது. மேசையின் ஒரு மூலை தெரிந்தது. அவள் குடித்த காபிக் கோப்பை. ஆவி இன்னும் வந்துகொண்டிருந்தது. கோப்பைக்குப் பக்கத்தில் ஒரு கை. அதற்கு மேல் இருந்ததைச் சட்டம் மறைத்தது. கட்டைவிரலில் நகம் இல்லை. நுனி வழவழவென்று, கரண்டிபோல், தேய்ந்திருந்தது. அது தள்ளியது. தோட்டா விழுந்தது. தள்ளியது.

இனிப்பான எண்ணெய் வாசனை.

"அண்ணி."

டெல்மரின் குரல். வாய் நிறையச் சாப்பிட்டுக்கொண்டே பேசுகிற, கேலி கலந்த, நேற்று முன்தினத்து டெல்மர்.

அவள் கீழே பார்த்தாள். டெல்மரின் வாய் திறந்தபடி இருந்தது. அசையவில்லை. நாக்கில் பனி.

"அந்த ரெண்டையும் இங்க கொண்டாந்து வைங்க. முதல்ல கதவைச் சாத்துங்க. குளிர் உள்ள வருது."

வெளியே வெயில். நீலம். அஞ்சல் பெட்டி வரைக்கும் தடமில்லாத வெள்ளை. ஓடலாம். கையில் இரண்டு நிறைந்த மேகசின்கள். துப்பாக்கி அங்கே.

அவள் கதவைப் பிடித்துத் தள்ளினாள்.

சாத்தவில்லை. டெல்மரின் கை இடையில் இருந்தது.

தள்ளிப்பார்த்தாள். விறைத்த கை மரத்தில் இடித்துத் தட்டென்றது.

"முடியலை" என்றாள். யாரிடம் சொல்கிறோம் என்று தெரிந்தே சொன்னாள்.

சமையலறையில் கட்டைவிரல் நின்றது. நாற்காலி பின்னுக்கு நகர்ந்தது.

"பலமா, அண்ணி."

ஆர்லிஸ் இரண்டு மேகசின்களையும் மார்போடு அணைத்துக்கொண்டு, தோளைக் கதவில் வைத்து, கண்ணை மூடாமல், தள்ள ஆரம்பித்தாள்.